உடல் இருக்கும் ஊரின் நேரம்

வாசகர் கேள்வி – பதில்

சில மாதங்களாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. சேலத்திலும் ஏற்காட்டிலும் வளர்ந்த பிள்ளைகள் வெளிநாட்டில் ஒரு வாடகை அறையில் அமர்ந்து, வேறொரு நாட்டிலுள்ள அலுவலகத்துக்கு வேலை பார்க்கிறார்கள். அலுவலகத்துக்கு ஒரு நேரம், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு நேரம், ஜன்னலுக்கு வெளியே ஒரு நேரம் என்று கணக்குப் போட்டே களைத்துப் போகிறார்கள். நானும் ஐரோப்பாவில் சில ஆண்டுகள் இவ்வாறு வேலை செய்துவிட்டு அஸ்தம்பட்டிக்குத் திரும்பியவன். ஆகவே, வந்த கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு இந்த இதழில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: திருமணத்துக்குப் பிறகு கணவருடன் லிஸ்பனில் குடியேறினேன். பெங்களூரில் நான் பார்த்துவந்த அதே வேலையை இங்கிருந்தே தொடர நிறுவனம் அனுமதித்திருக்கிறது. இந்திய நேரப்படி காலை 10 மணிக்கு வேலை தொடங்க வேண்டும் என்பதால், குளிர்காலத்தில் இங்கே விடியற்காலை 4.30 மணிக்கே மேசை முன் உட்கார்ந்துவிடுகிறேன். பகல் 1 மணிக்கு வேலை முடிந்ததும் அசதியில் படுத்துவிடுகிறேன், எழுந்திருக்கும்போது இருட்டிவிடுகிறது. பிறகு நள்ளிரவு வரை தூக்கம் வருவதில்லை. கையில் நேரம் இருந்தும் ஒரு நாளும் ஒழுங்காக அமையவில்லையே, நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, சேலம் பேர்லேண்ட்ஸ் (தற்போது லிஸ்பன்)

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் உறைத்தது, நீங்கள் வெயிலையே பார்ப்பதில்லை என்பதுதான். டிசம்பர் மாதத்தில் லிஸ்பனில் சூரியன் காலை 8 மணிக்குச் சற்று முன்பு உதித்து, மாலை 5.15 மணி வாக்கில் மறைந்துவிடுகிறது. அந்த ஒன்பதரை மணி நேரத்தில் பாதியைத் திரைக்கு முன்பாகவும் மீதியைப் போர்வைக்குள்ளும் கழிக்கிறீர்கள். சேலத்தில் வளர்ந்த நமக்கு வெயிலைக் கண்டால் ஒதுங்கித்தான் பழக்கம். தேடிப் போய்ப் பழக்கமில்லை. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. லிஸ்பனில் அது ஐந்து மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஆகவே, நம் ஊரில் யாரும் சொல்லித்தராமலேயே நடந்துவிடுகிற ஒரு காரியத்தை அங்கே நீங்களாகத் திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி இயங்குகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண் வழியாக வரும் வெளிச்சத்தை வைத்தே மூளை அந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்துகொள்கிறது. காலை வெளிச்சம் அதை முன்னுக்குக் கொண்டுவருகிறது. இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளுகிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: அலுவலகம் எந்த நாட்டில் இருந்தாலும், உடல் எந்த ஊரில் உறங்கி விழிக்கிறதோ அந்த ஊரின் சூரியனை வைத்துத்தான் அன்றாடத்தை அமைக்க வேண்டும். அலுவலக நேரத்துக்கு அந்த நாளில் ஓர் இடம் ஒதுக்குங்கள்; நாள் முழுவதையும் அதற்குத் தாரை வார்த்துவிடாதீர்கள்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, மேலாளரிடம் வேலை நேரத்தை மாற்றிக் கேட்பது. குளிர்காலத்தில் லிஸ்பன் நேரம் காலை 7 முதல் பிற்பகல் 3.30 வரை நீங்கள் வேலை செய்தால், அது இந்தியாவில் பகல் 12.30 முதல் இரவு 9 வரை ஆகும். உங்கள் குழுவினர் மாலை 6.30 வரை இருப்பார்கள் என்றால் ஆறு மணி நேரம் அவர்களோடு சேர்ந்தே வேலை செய்வீர்கள்; எஞ்சிய இரண்டரை மணி நேரம் யாரும் அழைக்காத, கவனமாகச் செய்ய வேண்டிய வேலைகளுக்கு உதவும். "எனக்குச் சிரமமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால் அந்தக் கோரிக்கை நகராது. எந்தெந்த மீட்டிங்குகள் இந்திய நேரம் முற்பகலில் வருகின்றன, அவற்றில் எதைப் பிற்பகல் 2.30 மணிக்கு மாற்றலாம், எதற்கு உங்களுக்குக் குறிப்பு மட்டும் அனுப்பினால் போதும் என்று எழுதிக் காட்டி, ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று கேளுங்கள். நியாயமான மேலாளர்கள் பெரும்பாலும் சோதனைக்கு ஒப்புக்கொள்வார்கள்.

அது நடக்கவில்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். இந்தியாவில் உங்கள் குழுவினர் மதிய உணவுக்கு எழுந்து போகும் 1.30 மணி, குளிர்கால லிஸ்பனில் காலை 8 மணி. சூரியன் அப்போதுதான் கூரைகளுக்கு மேலே வந்திருக்கும். அந்த இடைவேளையை அடுப்படியில் செலவிடாதீர்கள். காலுறையும் மேல்கோட்டும் முதல் நாள் இரவே கதவருகில் தயாராக இருக்கட்டும். 8 மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே இறங்கி அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து, அதன் பிறகு காலைச் சிற்றுண்டி சாப்பிடுங்கள். சகாக்கள் சாப்பிடுகிறார்கள் என்பதற்காக அந்த நேரத்தில் சாதமும் குழம்பும் உண்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு அதற்கு ஒத்துழைப்பதில்லை. முழுச் சாப்பாடு வேலை முடிந்த பிறகு, பகல் 1.30 மணிக்கு இருக்கட்டும்.

சாப்பிட்ட பின் படுக்க வேண்டும் என்று தோன்றும், படுக்கலாம். ஆனால் 20 அல்லது 30 நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டு, திரைச்சீலையை இழுத்து மூடாமல் படுங்கள். மணிக்கணக்கில் தூங்கினால் இரவுத் தூக்கத்தின் பங்கைப் பகலே எடுத்துக்கொண்டுவிடுகிறது. எழுந்ததும் கடைகண்ணிக்கோ பூங்காவுக்கோ போய், சூரியன் இறங்கும் வரை வெளியில் இருங்கள். அதிகாலை 3.45 மணிக்கு விழிக்க வேண்டியவர் இரவு 8.30 மணிக்குப் படுத்தாக வேண்டும். கணவரோடு சேர்ந்து 6.30 மணிக்கு இரவு உணவை முடித்துக்கொள்ளுங்கள். போர்ச்சுகலில் இரவு உணவே 8 மணிக்கு மேல்தான் என்பதால், நண்பர்கள் அழைத்தால் வார இறுதியில் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லுங்கள். பிற்பகல் காபியையும் விட்டுவிட வேண்டியிருக்கும். காபியிலுள்ள கஃபீனில் பாதி, குடித்து ஏறத்தாழ 5 மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்கிறது; மாலை 4 மணிக்கு ஆசையாகக் குடித்த டிகாஷன் இரவு 9 மணிக்கும் உங்களை விழித்திருக்கச் செய்யும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பழையபடி பின்னே கொண்டுவருவார்கள். இந்தியாவில் இந்த வழக்கம் இல்லை. ஆகவே கோடையில் உங்கள் வேலை 5.30 மணிக்குத் தொடங்கும்; இடைவேளை 9 மணிக்கு வரும். கோடையில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருப்பதால், படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கிவிடுங்கள். சனி, ஞாயிறுகளில் விழிக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போக வேண்டாம். வார நாள்களில் பாடுபட்டுச் சேர்த்த ஒழுங்கு அங்கேதான் கலைந்துபோகிறது.

கேள்வி: லண்டன் நிறுவனம் ஒன்றுக்காக எஸ்டோனியாவின் தாலின் நகரிலிருந்து வேலை செய்கிறேன். தனியாக இருக்கிறேன். ஒரே அறை, படுக்கையிலேயே லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுகிறேன். எப்போது பார்த்தாலும் இருட்டு. எழுந்திருக்கவோ குளிக்கவோ மனம் வருவதில்லை. எது திங்கள், எது வியாழன் என்பதே தெரியவில்லை. பனியும் குளிரும் எனக்குப் புதிதல்ல என்று நினைத்துத்தான் இங்கே வந்தேன்.
– வாசகர், ஏற்காடு நாகலூர் (தற்போது தாலின்)

பதில்: தம்பி, நீங்கள் பழகிய குளிர் வேறு. ஏற்காட்டில் மூடுபனி இறங்கி ஒண்டிக்கடைப் பக்கம் எதிரில் வரும் ஆளே தெரியாத காலையிலும், பனி விலகியதும் மலைமேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் சேர்வராயன் மலையில் டிசம்பரிலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. தாலினில் டிசம்பர் கடைசியில் சூரியன் 9.15 மணி வாக்கில் எழுந்து 3.20 மணி வாக்கில் விழுந்துவிடுகிறது; ஆறு மணி நேரப் பகல், அதுவும் பல நாள்களில் மேகத்துக்குப் பின்னால். உங்கள் மனச்சோர்வைச் சோம்பல் என்று நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வெளிச்சக் குறைவால் வரும் குளிர்கால மனச்சோர்வு மருத்துவர்கள் அறிந்த ஒன்று. அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் அது வருகிறது.

லண்டனுக்கும் தாலினுக்கும் ஆண்டு முழுவதும் இரண்டு மணி நேர வேறுபாடு. இரண்டு நாட்டிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில்தான் கடிகாரத்தை மாற்றுகிறார்கள் என்பதால் அந்தக் கணக்கு பிசகுவதில்லை. லண்டனில் 9 மணி என்றால் உங்களுக்கு 11. அப்படியானால் உங்களுக்குக் கிடைக்கும் ஆறு மணி நேர வெளிச்சத்தில் முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் வேலை தொடங்கும் முன்பே வருகிறது. 10.45 மணிக்குக் கண் விழித்துப் படுக்கையிலிருந்தே வேலையைத் தொடங்குகிறவர் அதை முழுவதுமாக இழந்துவிடுகிறார். லண்டன்காரர்கள் 1 மணிக்குச் சாப்பிடப் போகும்போது உங்களுக்கு 3 மணி. வெளியே அந்தி தொடங்கியிருக்கும். எனவே உங்கள் நாளின் மதிப்புள்ள பகுதி காலைதான். அதைக் காப்பாற்றிக்கொண்டால் மற்றவை மெல்ல மெல்லச் சீராகும்.

8 மணிக்கு எழுந்துகொள்ளுங்கள். வெளியே இருட்டாக இருக்கும் என்பதால், மருத்துவர்கள் பரிந்துரைக்கும் 10,000 லக்ஸ் அளவுள்ள வெளிச்ச விளக்கு ஒன்றை வாங்கி, காபி குடிக்கும் 20 அல்லது 30 நிமிடமும் முகத்துக்குப் பக்கவாட்டில் எரிய விடுங்கள். கண் நோயோ வேறு மனநலச் சிகிச்சையோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். பிறகு குளித்து, வெளியில் போகும் உடை உடுத்தி, 9.30 மணிக்குத் தெருவில் இறங்குங்கள். அலுவலகம் போகிறவர் பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பாரே, அந்த நடைதான் இது. போய்விட்டுத் திரும்பி அதே கதவைத் திறந்து உள்ளே வந்தாலும், மனம் வேலைக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. மேகமூட்டமான நாளிலும் வெளியில் உள்ள வெளிச்சம் அறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், வானம் சாம்பல் நிறமாக இருக்கிறதே என்று நடையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரே அறை என்றாலும் படுக்கை படுக்கைக்கே. ஜன்னலை ஒட்டி ஒரு மேசை போடுங்கள். முதுகு நிமிர்ந்து உட்காரும்படியான நாற்காலிக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம். மாலை 7.30 மணிக்கு வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடி, சார்ஜரோடு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். மேசைமேல் திறந்து கிடந்தால் ஒன்பது மணிக்கு ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவீர்கள். பத்து மணிக்கு இன்னொன்று வந்து நிற்கும்.

கிழமை தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு கிழமைக்கும் உடம்பு செய்யும் ஒரு வேலையை ஒதுக்கினால் கிழமை தானாகத் தெரியும். சனிக்கிழமை காலையில் மாவு அரையுங்கள். அந்தக் குளிரில் மாவு எளிதில் புளிக்காது. அடுப்பைச் சூடாக்காமல் ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் ஞாயிறு காலை பொங்கி நிற்கும். புதன்கிழமை மாலை ஏதாவது ஒரு வகுப்பில் சேருங்கள். மொழி வகுப்பாகவோ நீச்சலாகவோ இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டுக்கு வெளியே, பலர் சேர்ந்து வேலை செய்யும் பொது அலுவலக இடத்திலோ நூலகத்திலோ உட்காருங்கள். தினமும் ஒரே கடையில் ரொட்டி வாங்கினால், நம் முகத்தை அடையாளம் கண்டு தலையசைக்கும் ஒருவராவது அந்த ஊரில் கிடைப்பார். தனியாக இருக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்துத்தான் அறிய முடியும்.

குளிர்காலத்தில் அவ்வளவு வடக்கே உள்ள வெயிலால் தோல் வைட்டமின் டி உண்டாக்கிக்கொள்ள முடியாது. நம்முடைய நிறத் தோலுக்கு ஏற்கெனவே அதிக வெயில் தேவை. ஆகவே ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு முறையேனும் வந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டுக்கும் உடனே சொல்லுங்கள். நாகலூரில் இருக்கும் அம்மா கவலைப்படுவார் என்று மறைக்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் டொராண்டோவில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். குளிர்காலத்தில் காலை பூஜை முடித்து 9 மணிக்கு நான் போன் செய்தால் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன், இப்போது சில மாதமாக எடுத்ததும் சலித்துக்கொள்கிறான். இரவு 8 மணிக்கு அழைத்தால் எடுப்பதே இல்லை. வீட்டில்தானே இருக்கிறான், ஐந்து நிமிடம் பேச முடியாதா? அவன் மாறிவிட்டானோ என்று மனசு கலங்குகிறது.
– வாசகி, சேலம் அம்மாபேட்டை

பதில்: அம்மா, உங்கள் மகன் மாறவில்லை, அங்கே கடிகாரம் மாறியிருக்கிறது. கனடாவின் டொராண்டோவில் மார்ச் மாத இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். குளிர்காலத்தில் நீங்கள் காலை 9 மணிக்கு அழைத்தபோது அங்கே முந்தைய நாள் இரவு 10.30, சாப்பிட்டு முடித்து ஓய்வாக இருந்திருப்பார். இப்போது அதே 9 மணிக்கு அங்கே இரவு 11.30 ஆகிவிடுகிறது. மறுநாள் வேலைக்கு எழ வேண்டிய பிள்ளை கண் அயரும் நேரத்தில் மணி அடிக்கிறது. நீங்கள் அழைக்கும் இரவு 8 மணியோ அங்கே முற்பகல் 10.30, மீட்டிங்கின் நடுவில் இருப்பார்.

வீட்டில் இருந்து வேலை செய்வது எளிது என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரை மேலாளர் கண்ணால் பார்க்கிறார். வீட்டில் இருப்பவரோ தான் வேலையில் இருப்பதை ஒவ்வொரு செய்திக்கும் உடனுக்குடன் பதில் சொல்லியே காட்ட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டில் விசாவும் வேலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும்போது அந்தப் பதற்றம் இரட்டிப்பாகும். அவருடைய சலிப்பு உங்கள் மேல் அல்ல என்று நான் நம்புகிறேன்.

இதற்கு ஒரு நேரம் இருக்கிறது. மார்ச் முதல் அக்டோபர் வரை சேலத்தில் மாலை 5 மணிக்கு அழையுங்கள்; நவம்பர் மாத முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, மார்ச் வரும் வரை, மாலை 6 மணிக்கு அழையுங்கள். இரண்டுமே டொராண்டோவில் காலை 7.30. பல் துலக்கி, காபி போட்டுக்கொண்டு, வேலை தொடங்கும் முன் இருக்கும் நிதானமான நேரம் அது. நீங்கள் விளக்கேற்றும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் அம்மாவின் குரலைக் கேட்பது அவருக்கும் நல்லது. தனியாக இருக்கும் பிள்ளைக்குக் காலையில் குறித்த நேரத்தில் எழ ஒரு காரணம் வேண்டும். உங்கள் போன் அந்தக் காரணமாக அமையும் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? வார நாளில் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நேரமெடுத்துப் பேசுங்கள்.

நடுவில் சொல்ல ஏதாவது தோன்றினால் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவாக அனுப்பிவிடுங்கள்; சாப்பாட்டு இடைவேளையில் கேட்டுக்கொள்வார். அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை அழைப்பது என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு முறை மணி அடித்து நின்றால் அவர் பதற வேண்டியதில்லை. அவர் எடுக்காவிட்டால் நீங்களும் கலங்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தை அவருக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். தம்பிக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அந்த 7.30 மணியை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி: பெங்களூரு நிறுவனத்தின் அனுமதியோடு தாய்லாந்துக்குப் போய் சில மாதம் அங்கிருந்து வேலை செய்யப்போகிறேன். வாரத்துக்கு ஓர் ஊர் என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடியுமா?
– வாசகர், சேலம் சூரமங்கலம்

பதில்: முடியாது என்றே சொல்வேன். புதிய ஊருக்குப் போனால் கடை, தண்ணீர், துணி துவைக்குமிடம், இணைய வேகம் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஓடிவிடும். எல்லாம் பிடிபட்ட அன்று பெட்டியைக் கட்டுவீர்கள். ஓர் ஊரில் குறைந்தது ஒரு மாதம் இருங்கள். பயணத்தை வெள்ளிக்கிழமை இரவுக்கோ சனிக்கிழமைக்கோ வைத்து, ஞாயிறு முழுவதும் மேசையையும் இணையத்தையும் சரிபார்க்க ஒதுக்குங்கள்.

தாய்லாந்து நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பெங்களூரின் 10 மணி உங்களுக்கு 11.30, ஆகவே காலை முழுவதும் உங்களுடையது. அங்கே இரவுச் சந்தைகள் ஈர்க்கும். அவற்றுக்கு வார இறுதியை வைத்துக்கொண்டு, வார நாளில் 6 மணிக்கு எழுந்து நடை, சமையல், ஊர் பார்த்தல் எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். சியாங் மாய் போவதாக இருந்தால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தவிர்த்துவிடுங்கள். வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகையால் அப்போது காற்று மிகவும் மோசமாக இருக்கும். காலை நடையே கூடாது என்றாகிவிடும். நம் சித்திரைப் புத்தாண்டையொட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை அங்கே சொங்க்ரான் பண்டிகை; அந்த நாள்களில் விடுப்பு எடுப்பதே நல்லது.

தொலைவிலிருந்து வேலை செய்கிறவர்களுக்காக 2024இல் அந்த நாடு அறிமுகப்படுத்திய விசாவில் ஒரு முறை நுழைந்தால் 180 நாள் தங்கலாம். ஆனால் ஒரு காலண்டர் ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்கினால் வரிக் கணக்கில் அந்நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவீர்கள். புறப்படும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அலுவலக அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். ஆடிப் பண்டிகையை ஒட்டி ஒரு மாதம் சேலத்து வீட்டிலிருந்து வேலை செய்ய அலுவலகம் சம்மதித்திருக்கிறது. சென்ற முறை வந்தபோது உறவினர் வருகையில் எதுவும் ஓடவில்லை. இரவு 1 மணி வரை உட்கார்ந்து வேலையை முடித்தேன். இந்த முறை எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, சேலம் செவ்வாய்ப்பேட்டை (தற்போது உட்ரெக்ட்)

பதில்: கோடையில் உட்ரெக்டில் காலை 9 முதல் மாலை 5.30 வரை என்பது சேலத்தில் பகல் 12.30 முதல் இரவு 9 வரை. நம் ஊரில் உறவினர்கள் வெயில் தாழ்ந்த பிறகுதான் வீட்டுக்கு வருவார்கள். மாலை 5 மணிக்கு மேல் காபி, தட்டுவடை என்று பேச்சு நீளும். உங்கள் வேலையின் பாதி அந்த நேரத்தில்தான் வருகிறது. நேரத்தை மாற்ற முடியாது என்பதால் விருந்தினரைத்தான் காலைக்கு மாற்ற வேண்டும். "காலை 8 மணிக்கு டிபனுக்கு வாருங்கள்" என்று அம்மாவோ அத்தையோ முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாலையில் வந்து நின்ற பிறகு நீங்கள் கதவைச் சாத்தினால்தான் மனத்தாங்கல் வரும். கோட்டை மாரியம்மன் கோயிலுக்கும் காலையில் போய்விடலாம். திருவிழாவின் முக்கிய மாலைகளுக்கு மட்டும் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுங்கள். வேலையும் பார்த்துக்கொண்டு திருவிழாவும் பார்க்கலாம் என்று நினைத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளை நாளிதழ்களில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்றைய மீட்டிங்குகளை மாற்றிக்கொள்ள அது போதும். வீட்டு இன்வெர்ட்டரில் மின்விசிறியோடு இணைய ரௌட்டரும் இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து நீங்கள் வருவதற்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இணைந்திருப்பதில்லை. தெருவைப் பார்த்த முன்னறை வேண்டாம்; ஆடி மாதம் ஒலிபெருக்கிச் சத்தம் இருக்கும். பின்கட்டிலோ மாடியிலோ ஓர் அறையை வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வாரம் ஏற்காட்டில் இருந்து வேலை செய்யும் எண்ணம் இருந்தால், மலையில் ஒரு வளைவில் கிடைக்கும் சிக்னல் அடுத்த வளைவில் கிடைக்காது என்பதால், தங்கும் விடுதியின் விளம்பரத்தை நம்பாமல் யாரையாவது அந்த அறையிலேயே இருந்து ஒரு வீடியோ அழைப்பு செய்து பார்க்கச் சொன்ன பிறகு பணம் கட்டுங்கள். அலுவலக லேப்டாப்பை ஐரோப்பாவுக்கு வெளியே கொண்டுபோக நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் தனி அனுமதி கேட்பார்கள். மேலாளரின் சம்மதம் அதற்கு ஈடாகாது. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.